எழுத்து இடறினாலும்…

பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்க வழியில்லாததால் எழுதப் படிக்கத் தெரியாமல் போனவர்களை நாம் அறிவோம். அவர்கள்மேல் நமக்கு இரக்கம் உண்டு. முதியோர் கல்வி என்றும் அறிவொளி என்றும் அவர்களுக்காக இயக்கங்களும் நடந்தன. ஆனால், ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகப் பள்ளிக்குச் சென்றும், கண்பார்வை தெளிவாக இருந்தும், மற்றப் பிள்ளைகளைவிட இரு மடங்கு நேரம் விளக்கடியில் உட்கார்ந்து படித்தும், எழுத்தைக் கண்டால் இடறுகின்றவர்கள் சிலர் நம் பங்குகளில் இருக்கின்றார்கள். இவர்களை யாரும் அறிவதில்லை. தங்களை மறைத்துக்கொள்வதில் இவர்கள் அவ்வளவு தேர்ச்சி பெற்றவர்கள். நானும் அவர்களுள் ஒருத்தி. வயது ஐம்பத்து நான்கு; தையல் தொழில் செய்கின்றேன்; மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். என்னைப்போல் மறைவில் இருப்பவர்களுக்கும், அவர்களோடு வாழும் குடும்பத்தாருக்கும் பயன்படும் என்னும் எண்ணத்தால் சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றேன்.

இதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர். வாசிப்பதில் வரும் இடர் டிஸ்லெக்ஸியா எனப்படும். இச்சொல்லை வழங்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர். 1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அவன் கூர்மையானவன், விளையாட்டில் தோழர்களுக்குச் சளைத்தவன் அல்லன், ஆயினும் எளிய சொற்களைக்கூட அவனால் வாசிக்க இயலவில்லை. பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். எழுதுவதில் வரும் இடரும், எண்ணிலும் கணக்கிலும் வரும் இடரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை அறிவு மந்தத்தால் வருவன அல்ல. சோம்பலால் வருவனவும் அல்ல. எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் முறை சிலருக்கு வேறுபடுவதால் வருபவை. பெரும்பாலும் குடும்பவழியாகத் தொடர்பவை. வயது ஏறினால் தாமே மறைந்துவிடுவதில்லை. தக்க பயிற்சியாலும் தக்க வழிமுறைகளாலும் இவற்றின் பாரம் குறையும்.

தமிழ், ஒலிக்கு ஏற்ப எழுதப்படும் மொழி. ஆதலால் எளிது என்பார்கள். அது ஓரளவு உண்மையே. எனினும் என்போன்றோருக்கு அதிலும் கண்ணிகள் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கின்றது. கால் பின்னால் நிற்கின்றது. ஒலியோ நடுவில் உள்ள ககரத்தில் தொடங்குகின்றது. ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பானால் ‘கெடு’ என்பது ‘கேடு’ ஆகிவிடுகின்றது. ‘கௌ’ என்பதன் பின்பாதி ளகரத்தின் வடிவிலேயே இருப்பதால், ‘கௌரவம்’ என்னும் சொல் என் கண்ணுக்குக் ‘கெளரவம்’ என்றே நிற்கும். மூன்று லகர ளகர ழகரங்கள், இரண்டு ரகர றகரங்கள் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து நீண்டுவிட்டால், வரியின் முடிவை அடையுமுன் தொடக்கம் மறந்துபோகும். எண்களிலும் அப்படியே, 36 என்று எழுதியிருப்பது 63 ஆக நிற்கும்.

பள்ளியில் எனக்கு ‘மக்கு’ என்று பெயர். வகுப்பில் பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னால், அடுத்திருக்கும் தோழி முன்தினம் வாசிக்கக் கேட்டதை மனத்தில் நிறுத்தி, புத்தகத்தைப் பார்த்தவாறே ஒப்பித்துவிடுவேன். பக்கம் மாறிவிட்டால் மாட்டிக்கொள்வேன். வெளியே முழங்காலில் நிற்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு கன்னியர் மடத்துத் தையற்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே கற்பித்த சகோதரி புத்தகத்தைக் கையில் கொடுக்கவில்லை, கத்தரிக்கோலைக் கொடுத்தார். அவர் வெட்டுவதை ஒருமுறை பார்த்தால் போதும், மறுமுறை நான் வெட்டிவிடுவேன். என் கைகளுக்கு நினைவாற்றல் உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

இக்குறைபாடு உள்ளவர்கள் வாழ்க்கை நடத்தக் கைக்கொள்ளும் வழிகள் இரண்டு வகைப்படும். ஒன்று, மறைப்பதற்கான வழி. மற்றொன்று, வாழ்வதற்கான வழி. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதலாவது நாள்தோறும் நம் பலத்தைத் தின்னும். இரண்டாவது நமக்குப் பலத்தைத் தரும்.

மறைக்கும் வழிகளை எண்ணிப் பாருங்கள். வங்கியில் படிவத்தை நீட்டினால், “கண்ணாடியை மறந்துவிட்டேன், நீங்களே எழுதிவிடுங்கள்” என்பது. கையில் துணிகட்டிக்கொண்டு, விரலில் ஊசி ஏறிவிட்டது என்பது. பிள்ளைகளின் பள்ளிக் கூட்டத்துக்குக் கணவரையே அனுப்புவது. திருமண அழைப்பிதழ் வந்தால், வந்தவரிடமே “எந்தக் கோயில், எத்தனை மணிக்கு?” என்று பேச்சுவாக்கில் கேட்டு அறிந்துகொள்வது. அன்பியக் கூட்டத்தில் திருவிவிலியம் கைமாறி வரும். ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும். அது என்னிடம் வருவதற்கு மூன்று பேர் இருக்கும்போதே, தேநீர் வைக்கிறேன் என்று சமையலறைக்குப் போய்விடுவேன். அதனால் ‘உபசாரத்தில் குறைவைக்காதவள்’ என்னும் நற்பெயரும் எனக்கு உண்டு! இவை எல்லாம் வேலை செய்யும். ஆனால் ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் இறைவார்த்தை ஒன்றும் காதில் விழாது. என் முறை எப்போது வரும் என்னும் திகிலே நெஞ்சை நிறைத்திருக்கும்.

என் இளைய மகன் நான்காம் வகுப்புப் படிக்கும்போது, அதாவது 2013-ஆம் ஆண்டில், அவனுக்கும் எழுத்து இடறியது. சிறப்பாசிரியை ஒருவர் அவனைப் பரிசோதித்து, இது டிஸ்லெக்ஸியா என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, “வீட்டில் வேறு யாருக்கேனும் இப்படி உண்டா?” என்று கேட்டார். என் கணவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். “எனக்கு உண்டு” என்றேன். திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் முதன்முறையாக அதைக் கேட்டார். அவர் சினம் கொள்ளவில்லை. வீடு திரும்பும் வழியில் நெடுநேரம் பேசாமல் நடந்துவிட்டு, “அதனால்தான் நான் வெளியூரிலிருந்து எழுதிய கடிதங்களுக்கு நீ பதில் எழுதவில்லையா?” என்று மட்டும் கேட்டார். அவ்வளவு ஆண்டுகளும் அவர் அதற்கு வேறொரு காரணத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கின்றார். மறைப்பது நம்மை மட்டும் வருத்துவதில்லை என்பது அன்று விளங்கியது.

அதன் பின் நான் பழகிக்கொண்ட வழிகளைச் சொல்கின்றேன். இவற்றுள் பல எவருக்கும் பயன்படக்கூடியவை.

முதலாவது, எண்ணையும் எழுத்தையும் பொருளாக மாற்றிவிடுவது. தையலில் எனக்குப் பெருந்துணை அளவு ரவிக்கை. புதிதாக வருகின்றவர்களுக்கு அளவெடுக்கும்போது, ஒரு நீளத் துணிநாடாவில் மார்பளவு, கையளவு, உயரம் ஆகியவற்றுக்கு வெவ்வேறு நிற நூலால் தையலிட்டு, அந்த நாடாவை அவருடைய துணியோடு முடிந்துவைப்பேன். எழுதிவைத்த எண் தலைகீழாகலாம், நாடா தலைகீழாவதில்லை. என்று கொடுக்க வேண்டும் என்பதற்குச் சுவரில் ஏழு கொக்கிகள் உள்ளன. ஞாயிறு முதல் சனி வரை. வெள்ளிக்கிழமைக்கு உரிய துணி ஐந்தாம் கொக்கிக்கு அடுத்த கொக்கியில் தொங்கும். காலையில் கடை திறந்ததும் அன்றைய கொக்கியைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது, சொன்னதைத் திருப்பிச் சொல்வது. “முப்பத்தாறா? மூன்று, ஆறு” என்று எண்ணை இலக்கம் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லி, எதிரிலிருப்பவர் ஆம் என்ற பிறகே எழுதுவேன். மருந்துக்கடையிலும் இப்படியே. என் மாமியாருக்கு இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமாக நாளொன்றுக்கு ஐந்து மாத்திரைகள். கடைக்காரர் சொல்வதைத் திருப்பிச் சொல்லி, அவர் எதிரிலேயே காலை மாத்திரை அட்டையில் சூரியனையும் இரவு மாத்திரை அட்டையில் பிறையையும் பேனாவால் வரைந்துகொள்வேன். வீட்டில் அவற்றுக்குத் தனித்தனி டப்பாக்கள் உள்ளன. ஒரே நிறத்தில் இரண்டு அட்டைகள் வந்துவிட்டால், என் மகள் பார்க்காமல் ஒன்றையும் கொடுப்பதில்லை. “எனக்கென்று இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொடுக்கிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?” என்று மாமியார் வருவோர் போவோரிடம் சொல்லுவார். கவனத்தின் காரணம் அவருக்கும் தெரியும்.

மூன்றாவது, மாதிரி ஒன்றை வைத்துக்கொள்வது. வங்கியில் பணம் கட்டும் படிவம், எடுக்கும் படிவம் இரண்டையும் சரியாக நிரப்பிய படி ஒவ்வொன்று என் பையில் உள்ளது. அதைப் பார்த்து, கட்டத்துக்குக் கட்டம் அப்படியே எழுதுவேன். கணக்கு எண்ணை நான்கு நான்கு இலக்கங்களாகப் பிரித்துவைத்திருக்கின்றேன். காசோலையில் தொகையை எழுத்தால் எழுத வேண்டுமே, அதற்கென ஓர் அட்டையில் எண்ணுப் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போவேன். பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட்டால் எனக்கு என் பெயரே மறந்துவிடும்.

நான்காவது, உடலையே அடையாளமாகக் கொள்வது. வலமும் இடமும் எனக்கு இன்றும் குழம்பும். வழி கேட்டால் “இடப்புறம் திரும்புங்கள்” என்பார்கள்; எந்தப் புறம்? உடனே என் கை தானாக நெற்றிக்குப் போகப் பார்க்கும். சிலுவை அடையாளம் வரையும் கை வலக்கை, மற்றது இடம். என் மகனுக்கும் இதைத்தான் கற்பித்தேன். இதை மட்டும் அவன் ஒரு நாளும் மறக்கவில்லை.

ஐந்தாவது, வாசிப்பதற்கு நேரத்தையும் இடத்தையும் அமைத்துக்கொள்வது. எழுத்து சற்றுப் பெரிதாகவும் வரிகளுக்கிடையே இடைவெளி அகலமாகவும் இருந்தால் எளிது. வரியின் கீழே ஓர் அட்டையை வைத்து, கீழ் வரிகளை மறைத்துக்கொள்வேன். உடல் களைத்திருக்கும் இரவில் வாசிக்கமாட்டேன், விடியற்காலையில் வாசிப்பேன். முதலில் காதால் கேட்டுவிட்டுப் பிறகு கண்ணால் பார்த்தால், எழுத்து பாதி வழி வந்து எதிர்கொள்கின்றது. இன்று கைபேசியில், எழுத்தைத் தமிழில் வாசித்துக்காட்டும் வசதியும், பேசுவதை எழுத்தாக்கித் தரும் வசதியும் வந்துவிட்டன. வாட்ஸ்அப்பில் நான் குரல்வழியே செய்தி அனுப்புகின்றேன். வெளியூரில் வேலை பார்க்கும் மூத்த மகனும் குரலாகவே பதில் அனுப்புகின்றான். என் கணவரின் கடிதங்களுக்கு எழுதாத பதிலையெல்லாம் இப்போது பேசித் தீர்க்கின்றேன் என்று சொல்லலாம்.

ஆறாவது மிகவும் முக்கியமானது. வாசித்துக் காட்டாத எதிலும் கையொப்பம் இடுவதில்லை. பிறர் கண்ணை நம்பி வாழ்கின்றவர்களை ஏமாற்றுவது எளிது. 2019-ஆம் ஆண்டில் உறவினர் ஒருவர் முத்திரைத் தாளோடு வீட்டுக்கு வந்தார். என் தகப்பனார் வீட்டின் பட்டாவில் பெயர் மாற்றுவதற்கு என் கையொப்பம் வேண்டும் என்றார். அவசரம் என்றார், மாலைக்குள் கொடுக்க வேண்டும் என்றார். “எனக்கு வாசிப்பது கடினம்; நீங்கள் முழுவதும் வாசித்துக்காட்டுங்கள். பிறகு என் மகளும் ஒருமுறை வாசிக்கட்டும்” என்றேன். அவர் இரண்டு வரி வாசித்துவிட்டு மற்றவை வழக்கமான வாசகங்கள் என்றார். கல்லூரி விட்டு மகள் வந்து வாசித்தாள். அது விடுதலைப் பத்திரம். வீட்டில் எனக்குள்ள பங்கை முழுவதுமாக விட்டுக்கொடுப்பதாக அதில் கண்டிருந்தது. உறவினர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பின்னர் உடன்பிறந்தோர் யாவரும் கூடிப் பேசி அதை ஒழுங்கு செய்துகொண்டோம். ‘கண்ணாடியை மறந்துவிட்டேன்’ என்று அன்றும் சொல்லியிருப்பேனானால், அவர் கையைப் பிடித்து இடத்தைக் காட்டியிருப்பார். நானும் எழுதிக் கொடுத்திருப்பேன். ‘எனக்கு வாசிப்பது கடினம்’ என்று வெளிப்படையாகச் சொன்னதால் மட்டுமே இரண்டாவது கண்ணொன்றைக் கேட்க முடிந்தது. கைபேசிக்கு வரும் இரகசிய எண் விஷயத்திலும் இவ்வாறே. அதை வாசித்துக்காட்ட வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் கேட்பவர் யாராயினும் சொல்லக்கூடாது.

பிறர் துணையைக் கேட்பது தாழ்வு என்று எண்ணுகின்றவர்களுக்கு நம் திருச்சபையின் வழக்கம் ஒன்றை நினைவூட்டலாம். நாம் நாள்தோறும் கையில் எடுக்கும் செபமாலையின் வரலாறு யாது? துறவியர் மடங்களில் நூற்றைம்பது சங்கீதங்களையும் செபித்தார்கள். எழுத்தறியாத எளிய மக்கள், அவற்றுக்கு ஈடாக நூற்றைம்பது முறை கர்த்தர் கற்பித்த செபத்தையும் பின்னர் மங்கள வார்த்தை செபத்தையும் சொல்லி, மணிகளைக் கொண்டு எண்ணிக்கை வைத்துக்கொண்டார்கள். வாசிக்க இயலாதவர்கள் கண்ட வழி, வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் பாப்பரசர்களுக்கும் உரிய செபமாயிற்று. புனித சின்னப்பரைப் பாருங்கள். பேரறிஞரான அவரும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தைத் தெர்த்தியு என்பவர் எழுதும்படி சொல்லியே எழுதுவித்தார். எழுதியவர் தம் பெயரையும் வாழ்த்தையும் அதன் இறுதியில் சேர்த்திருக்கின்றார். இக்கட்டுரையும் அவ்வாறே உருவாயிற்று. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். எழுதியதை அவள் மூன்று முறை வாசித்துக்காட்டினாள், கேட்டுத் திருத்தினேன்.

எங்கள் அன்பியத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் நான் சமையலறைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். திருவிவிலியம் என்னிடம் வந்தது. “எனக்கு வாசிப்பது கடினம், கேட்டால் நன்றாக நினைவில் நிற்கும்” என்று சொல்லி அடுத்தவரிடம் கொடுத்தேன். அறையில் ஒரு கணம் அமைதி நிலவியது. பிறகு, எதிரே இருந்த முதியவர் ஒருவர், “எனக்கும் அப்படித்தான், தங்கச்சி” என்றார். எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துபவர் அவர். அடுத்த மாதத்திலிருந்து அன்பியப் பொறுப்பாளர் முறையை மாற்றிவிட்டார். நன்றாக வாசிக்கும் ஒருவர் பகுதி முழுவதையும் நிதானமாக இருமுறை வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுவிட்டுத் தம் உள்ளத்தில் பட்டதைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வருவோர் தொகை குறையவில்லை, கூடியது. செபமாலை மாதத்தில் மன்றாட்டு மாலையை முன்னின்று சொல்லும் பணி எனக்குக் கிடைத்தது. அது எனக்கு மனப்பாடம், புத்தகம் தேவையில்லை.

சட்டமும் இப்போது நமக்குத் துணை நிற்கின்றது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றிருந்தன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக விரித்து, கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது. சான்றிதழ் பெற்ற மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்கின்றனர். என் மகன் இந்தச் சலுகையோடு பத்தாம் வகுப்புத் தேறி, தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பயிற்சி முடித்தான். கம்பிகளின் நிறம் அவனுக்கு ஒரு நாளும் இடறுவதில்லை. அவனை ‘மக்கு’ என்று எவரும் அழைத்ததில்லை. எனக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைத்தது குறித்து இறைவனுக்கு நன்றி சொல்கின்றேன்.

பங்குக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. கூட்டத்தில் ஒருவர் கையில் திடீரென்று தாளைக் கொடுத்து ‘வாசியுங்கள்’ என்று சொல்லாதீர்கள். ஞாயிறு வாசகத்தை வாசிக்கக் கேட்பதானால், ஒரு வாரம் முன்னதாகவே கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் எழுதுவதைத் திருப்பலி முடிவில் ஒருமுறை வாயாலும் சொல்லுங்கள். படிவம் நிரப்ப உதவும்போது, எழுதியதை வாசித்துக்காட்டிவிட்டுக் கையொப்பம் கேளுங்கள். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று ஒருவர் அடிக்கடி சொன்னால், நகைக்காமல் அருகில் அமருங்கள். உங்கள் பிள்ளை எழுத்தில் தடுமாறினால், அடிக்குமுன் பரிசோதியுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலும், சென்னையில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளிடமும் வழி கேட்கலாம்.

என்னைப்போல் எழுத்து இடறுகின்ற சகோதர சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். இத்தனை ஆண்டுகளாக நீங்கள் கண்டுபிடித்த உபாயங்கள் யாவும் திறமையே. நினைவாற்றல், கூர்ந்து கேட்டல், மனிதரின் முகம் பார்த்துப் பொருள் அறிதல் ஆகிய இவற்றை எந்தப் பள்ளியும் உங்களுக்குத் தரவில்லை. நீங்களே உழைத்துப் பெற்றீர்கள். இனி அவற்றை ஒளிவதற்குச் செலவிடாதீர்கள். முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்; பிறகு நம்பத்தக்க ஒரு நண்பரிடம் சொல்லுங்கள். இவ்விதழை உங்களுக்கு இப்போது யாரேனும் வாசித்துக்காட்டிக்கொண்டிருக்கின்றார்கள் எனில், அவரிடமே சொல்லலாம்.